சர்வர் கேள்வி பதில்: ஐபிஎம் பிசியை விட்டது சரியா?

கேள்வி: பத்துப் பேர் அலுவலகத்துக்கு நல்ல டெஸ்க்டாப்பையே சர்வராக வைக்கலாமா?

ஓடும். வேகத்திலும் குறை தெரியாது. பழுது வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். சட்டத்தில் அடுக்கிவைக்கும் பெரும்பாலான ரேக் சர்வர்களில் பின்பக்கம் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை உருவிப் பார்த்திருக்கிறேன்: விசிறிகள் ஒரு கணம் இரைந்தன, செம்மஞ்சள் விளக்கு எரிந்தது, வேலை எதுவும் நிற்கவில்லை. இசிசி நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால் அதுவே திருத்திக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப்பில் அந்தப் பிழை சத்தமில்லாமல் உங்கள் கோப்புக்குள் போய்விடலாம். பத்துப் பேரின் கணக்கு வழக்கு இருக்குமென்றால் இசிசி இல்லாமல் வாங்காதீர்கள். பேக்கப் தனியாக எடுங்கள்.

கேள்வி: ரெய்டு 1 போட்டிருக்கிறேன். பேக்கப் வேண்டுமா?

வேண்டும். ரெய்டு 1 ஒரே தரவை இரண்டு டிஸ்கில் எழுதுவது, அவ்வளவுதான். தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

கேள்வி: ஐபிஎம் பிசி வியாபாரத்தை ஏன் விற்றது?

வேர் முதல் ஐபிஎம் பிசி வந்த 1981லேயே இருக்கிறது. சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டுமென்று பிராசஸரை இன்டெலிடமும் இயங்குதளமான டாஸை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கினார்கள். பிடித்துவைக்க மிஞ்சியது கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல்தான். அதையும் காம்பேக் நிறுவனம் நகலெடுக்காமல் தானே புதிதாக எழுதிவிட்டது. 1987ல் பிஎஸ்/2 என்ற புதிய பிசி, அதில் கார்டுகளைச் செருக மைக்ரோ சேனல் என்ற சொந்த இணைப்பு முறை என்று பிடியை மீட்கப் பார்த்தார்கள். போட்டியாளர்கள் ஒன்றுசேர்ந்து அதற்கு மாற்றாக இஐஎஸ்ஏ கொண்டுவந்தார்கள். லாபம் சிப்புக்கும் விண்டோஸுக்கும் போனது, பெட்டி செய்தவருக்குச் சொற்பம். 2004 டிசம்பரில் லெனோவோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2005 மேயில் கைமாறியது.

கேள்வி: அதே வியாபாரத்தை வைத்து லெனோவோ 2013ல் உலகின் முதல் பிசி நிறுவனமானதே! ஐபிஎம் செய்தது தவறுதானே?

இல்லை. குறைந்த லாபத்தில் கோடிக்கணக்கில் விற்றுப் பிழைப்பது லெனோவோவுக்குக் கைவந்த கலை. ஐபிஎம்முக்கு அது என்றும் கைகூடவில்லை.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் 2014ல் சர்வரையும் ஏன் விற்றார்கள்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். விற்றது பிசியில் இருக்கும் அதே இன்டெல் வகை சிப்பில் ஓடும் எக்ஸ்86 சர்வரை. அதுவும் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பெட்டியாகிவிட்டது. வைத்துக்கொண்டது தன் சொந்த சிப்பில் ஓடும் ‘பவர்’ சர்வரும், பெரிய நிறுவனங்களுக்கான மெயின்ஃபிரேம் கணினியும். 1964ல் வந்த சிஸ்டம்/360 மெயின்ஃபிரேமுக்கு எழுதிய பல நிரல்கள் இன்றைய மெயின்ஃபிரேமிலும் ஓடும். அந்தத் தொடர்ச்சியைப் போட்டியாளர் வாங்கிக் கோர்க்க முடியாது. ஆகவே கோடு டெஸ்க்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவே இல்லை. தன்னால் மட்டும் முடிவது எது என்பதில் இருக்கிறது. 2015ல் எச்பி பிசியையும் சர்வரையும் இரண்டு நிறுவனமாகப் பிரித்ததையும் பாருங்கள்: இரண்டும் வேறு வேறு பிழைப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வியாபாரம் கைமாறும்போது பழைய வாடிக்கையாளர் உதிரிபாகத்துக்கும் ஃபர்ம்வேருக்கும் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் நிரல்) அலைய நேரக்கூடாது. வாங்கும்போதே எத்தனை வருட ஆதரவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ரெய்டு 5 போட்டால் பேக்கப் தேவையில்லைதானே?

மேலே சொல்லிவிட்டேன். எந்த எண் போட்டாலும் ரெய்டு பேக்கப் ஆகாது. படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப்?

என் துறை இல்லை. எடிட்டிங் செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய 1யூ சர்வர் கிடைக்கிறது, வீட்டில் வைக்கலாமா?

1யூ என்றால் உயரம் 44.45 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் சின்ன விசிறிகள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றித்தான் காற்றைத் தள்ளும். அடுத்த அறையில் தூங்க முடியாது. டெஸ்க்டாப் போல நிமிர்ந்து நிற்கும் டவர் சர்வர் கிடைக்கிறதா பாருங்கள்.