எழும்பூர் மியூசியத்தை அரை நாளில் பார்ப்பது எப்படி?

சீர்காழியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வருகிறோம். மறுநாள் இரவுதான் எழும்பூரில் திரும்பும் ரயில். பகலில் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போக ஆசை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. மாமியாரும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. போன முறை ஒரு ஹால் விடாமல் சுற்றினோம். வெளியே வந்து 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்டால் இரண்டு பேரும் முழிக்கிறார்கள். இந்த முறை எப்படிப் பார்ப்பது?"

ஒரு ஹால் விடாமல் சுற்றியதுதான் காரணம். அங்கே 6 கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். பெரியவர்களுக்கே பத்தாவது கூடத்தில் கண் மட்டும்தான் வேலை செய்யும், மனசு நின்றுவிடும். பல வருடங்களாக மாணவர்களை அங்கே அழைத்துப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றே பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இருபது நிமிடமாவது நில்லுங்கள். அப்புறம் ஒரு பழக்கம். பெயர்ப்பலகையில் முதலில் ஊர்ப் பெயரைப் படியுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தது. ஊர் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

அதனால் உங்கள் மியூசியப் பயணம் ரயிலிலேயே தொடங்கட்டும். செங்கல்பட்டு தாண்டி வண்டலூர் வரும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். அங்கே இருக்கும் உயிரியல் பூங்கா பிறந்தது எழும்பூர் மியூசிய வளாகத்தில்தான். மியூசியம் 1851-இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். அவர் 1855-இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வளர்க்கத் தொடங்கினார். அந்த விலங்குக் காட்சி பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூருக்கு வந்தது. பழைய சென்னைக்காரர்கள் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், மறக்கவே மாட்டான்.

தாம்பரத்துக்குப் பிறகு பல்லாவரம் வரும். அங்கேதான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்கு அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அது. அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கருவிகளை 1904-இல் இந்த மியூசியம் வாங்கியது. ஆக, முதல் பொருள் கற்கருவி. பார்த்தால் வெறும் கல் மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்தெடுத்த தடங்களை மகளை எண்ணச் சொல்லுங்கள். பிடிக்க வசதியாக ஒரு பக்கம் பருமன், மறுபக்கம் கூர். தற்செயலாக உடைந்த கல்லில் அந்த ஒழுங்கு வராது. பல்லாவரத்துக்குப் பிறகு அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அந்த இடத்தின் காலம் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இரண்டாவது, திமிங்கில எலும்புக்கூடு. விலங்கியல் பிரிவில் பாடம் செய்த மிருகங்கள், பறவைகள் ஏராளம், மகன் அங்கேயே ஓடுவான். ஓடட்டும், ஆனால் எலும்புக்கூட்டின் முன் நிறுத்துங்கள். துடுப்பு இருக்கும் இடத்தில் கையெலும்பும் விரலெலும்பும் தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். மீனுக்கு ஏன் விரல் என்று அவன் கேட்பான். திமிங்கிலம் மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி, அதன் முன்னோர் தரையில் நடந்தவை என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், திமிங்கிலம் மேலும் கீழுமாக ஆட்டும். இதையும் கையால் செய்து காட்டுங்கள்.

மூன்றாவது, வெண்கலச் சிலைக்கூடம். இதற்குத்தான் அதிக நேரம் வையுங்கள். உங்களுக்கு அது சொந்த ஊர்க்காரரைப் பார்ப்பது போல. சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கும் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த அர்த்தநாரீஸ்வரர் அங்கே இருக்கிறார். 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் சிலை. முதலில் எதுவும் சொல்லாமல் கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று வரும். சிவன் பக்கம் இரண்டு, அம்பாள் பக்கம் ஒன்று. அடுத்து ஆடையைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் தொடையோடு நிற்கும், மறுபக்கம் கணுக்கால் வரை இறங்கும். இடுப்பு, தோள், மார்பு எல்லாம் இரண்டாக மாறுகின்றன, ஆனாலும் உடம்பு ஒன்றாகவே நிற்கிறது. நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஸ்தபதி அந்த இரண்டு பாதியை எந்த இடத்தில் சேர்த்தார் என்று இன்னும் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

சிலைகளின் பீடத்தையும் கவனியுங்கள். பலவற்றில் துளைகளும் வளையங்களும் இருக்கும். இவை வீதியுலா வந்த உற்சவ மூர்த்திகள், கழியில் கட்டித் தூக்க அந்த ஏற்பாடு. மாமியாருக்கு இது சொல்லாமலே புரியும், பிள்ளைகளுக்கு விளக்குவதை அவரிடமே விடுங்கள். அவர் கைகூப்பினால் அதுவும் பொருத்தம்தான். இந்தச் சிலைகளை வார்க்கும் விதத்தையும் சொல்லுங்கள்: மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

நேரம் இருந்தால் அதே கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர். சுற்றியிருக்கும் தீச்சுடர் வளையமான திருவாசி இல்லாததால் ஆட்டம் இன்னும் தெளிவாகத் தெரியும். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இங்குள்ள நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார். அமராவதிச் சிற்பங்களை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள். ஆந்திராவின் கிருஷ்ணைக் கரையிலிருந்து வந்த அந்தப் பௌத்தக் கற்களுக்கு ஒரு தனி நாள் வேண்டும்.

சரி, நடைமுறை. வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் மியூசியம் கிடையாது, கல்யாண மறுநாள் என்ன கிழமை என்று இப்போதே பாருங்கள். காலை 9.30-க்குத் திறந்ததும் போய்விடுங்கள், கூட்டம் குறைவு. ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலை பக்கம்தான், மாமியாருக்காக ஆட்டோ பிடியுங்கள். சுமைகளை ஸ்டேஷன் க்ளாக் ரூமில் போட்டுவிடுவது நல்லது. டிக்கெட் எடுக்கும்போதே எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன, எங்கே படி ஏற வேண்டும் என்று கேளுங்கள். பராமரிப்புக்காகச் சில கூடங்களை மூடி வைப்பதுண்டு. மாமியாரை வெண்கலக்கூடத்துக்கு முதலில் கூட்டிப்போங்கள், கால் வலி வருவதற்குள். மற்ற இரண்டுக்கும் பிள்ளைகளோடு ஒருவர் போனால் போதும், மாமியார் மர நிழலில் உட்காரட்டும். மகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். வரையும்போதுதான் மூன்றாவது கை எங்கே தொடங்குகிறது என்று கண் தேடும்.

ஊர் திரும்பியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவெண்காட்டுக் கோயிலுக்குப் போய் வாருங்கள். முடிந்தால் தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்கும். அதே திருவெண்காட்டிலிருந்து கிடைத்த, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர், அதாவது காளை மேல் கை சாய்த்து நிற்கும் சிவன், அங்கே நிற்கிறார். காளை இப்போது இல்லை, சாய்ந்த கை மட்டும் அப்படியே காற்றில் இருக்கிறது. காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று மகனைக் கேளுங்கள்.