அக்கா அழட்டும்

கேள்வி: என் அக்காவுக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. கீமோ தொடங்கிவிட்டது. மது, புகையிலை எதையும் தொட்டவரில்லை. “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று கேட்டுக் கேட்டு அழுகிறார். மனம் தளர்ந்தால் நோய் முற்றிவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம். அவரை எப்படித் தைரியமாக இருக்க வைப்பது? எங்களுக்கு இது வராமல் தடுக்க வழி உண்டா? (ஒரு வாசகி)

பதில்: முதலில், “மனம் தளர்ந்தால் நோய் முற்றிவிடும்” என்று அவரிடம் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அது உண்மையல்ல. தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் வந்த 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. அழுவதால் கட்டி வளராது. சிரிப்பதால் கரையாது. ஆனால் நீங்கள் சொல்வதை அக்கா நம்பிவிட்டால், நோயோடு சேர்த்து ‘நான் அழுததால்தான் முற்றியது’ என்ற பழியையும் அல்லவா அவர் சுமக்க வேண்டும்? இரவில் தனியாக அழுதுவிட்டு, காலையில் உங்களுக்காகச் சிரிப்பார். அதைத்தான் தைரியம் என்கிறீர்களா?

அவர் அழும்போது பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்கிறார் என்றால் அது வெறும் துக்கமல்ல, மனச்சோர்வு நோய். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. கீமோ கொடுக்கும் மருத்துவரிடமே அதையும் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற பேச்சு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே சொல்லுங்கள்.

“என்ன தப்பு செய்தேன்?” என்பதற்கு நேரான பதில்: எதுவும் செய்யவில்லை. செல்கள் பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணுத் தொகுதி முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. அதில் பிழைகள் விழுகின்றன. பெரும்பாலானவற்றை உடலே திருத்திவிடும். திருத்தாமல் தப்பியவை வயது ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போய், சிலரிடம் புற்றுநோயாகின்றன. மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம், பெண்ணாகப் பிறந்ததும் நாற்பதைத் தாண்டியதும் தவிர வேறு காரணமே தென்படுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதை அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒருமுறை போதாது, அவர் கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய், பதில்களையும் எழுதி வாருங்கள். அந்த அறையில் காதில் விழுவதில் பாதி நோயாளிக்கு நினைவில் நிற்காது. கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது, அக்காவின் போனுக்கு வரும் வாட்ஸ்அப் வைத்தியர்களை நீங்கள் வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும். ‘கீமோ விஷம், இந்த மூலிகை போதும்’ என்பவர்கள் அன்போடுதான் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. நிலையான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2018-ல் வந்தது. அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் எடுத்தால் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டாம் நிலை என்பது குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரும் நிலை. அதை ஒரு ஃபார்வர்டு மெசேஜுக்குப் பறிகொடுக்காதீர்கள்.

இனி உங்கள் விஷயம். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை. அதில் முதலிடம் புகையிலைக்கு. உங்கள் வீட்டில் யாராவது புகைத்தால், மென்றால், அக்காவுக்கு ஆறுதல் சொல்ல வரும் முன் அதை நிறுத்தட்டும். மது, எவ்வளவு குறைவானாலும், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகள் இருந்தால் எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசி போட்டுவிடுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் அந்த வைரஸால் வருவதுதான். அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. உடன்பிறந்தவருக்கு மார்பகப் புற்றுநோய் என்றால் உங்கள் அபாயம் மற்ற பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பயப்படச் சொல்லவில்லை. அக்காவை அடுத்த கீமோவுக்கு அழைத்துப் போகும்போது, உங்களுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எந்த வயதில் தொடங்க வேண்டும், அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்ற இரண்டையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சொட்டுச் சொட்டாக மருந்து ஏறி முடிய நேரமாகும். அதற்குள் உங்கள் பரிசோதனைக்கும் ஒரு தேதி வாங்கிவிடலாம்.