உபுண்டுவில் போஸ்ட்கிரஸ் கற்க எங்கிருந்து தொடங்கலாம்?

லினக்ஸும் புதிது, டேட்டாபேஸும் புதிது, போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைக் கற்க எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் அதிகாரப்பூர்வ கையேட்டிலேயே முதல் பகுதியாக ஒரு டியூட்டோரியல் இருக்கிறது. மூன்றே சின்ன அத்தியாயங்கள், இலவசம், பிடிஎஃப் ஆகவும் கிடைக்கும். அதில் தொடங்குங்கள். உங்களிடம் இருக்கும் பதிப்புக்கான கையேட்டையே திறங்கள், உபுண்டு 24.04 என்றால் ஏப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாக வருவது பதிப்பு 16.

நான் அப்படித் தொடங்கவில்லை. ஒரு வாரம் வீடியோ இணைப்புகளாகச் சேர்த்துவிட்டு, நிறுவி, ஆர்வமாக, போஸ்ட்கிரஸுக்குள் நுழையும் கட்டளையான பிஎஸ்க்யூஎல் (psql) என்று தட்டினேன். என் பெயரில் 'ரோல்' இல்லை என்று பிழை. நிறுவியதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, மூன்று முறை அழித்து அழித்து நிறுவினேன். கோளாறு ஒன்றுமில்லை. லினக்ஸில் நீங்கள் ஒரு பயனர். போஸ்ட்கிரஸுக்குள் இருக்கும் பயனர் பட்டியல் வேறு; அந்தப் பயனரைத்தான் அது 'ரோல்' என்கிறது. நிறுவியவுடன் அதில் 'போஸ்ட்கிரஸ்' என்ற ஒரே ஆள்தான் இருப்பார். சூடோ (sudo) கட்டளை மூலம் அந்தப் பயனராக இயங்கி, கிரியேட்யூசர் கட்டளையால் உங்கள் லாகின் பெயரில் ஒரு ரோல், கிரியேட்டிபி கட்டளையால் அதே பெயரில், அந்த ரோலையே உரிமையாளராக வைத்து ஒரு டேட்டாபேஸ் உருவாக்கினால் வழி திறந்துவிடும். இரண்டாவதை விட்டால் 'டேட்டாபேஸ் இல்லை' என்று அடுத்த பிழை வரும். வேடிக்கை என்னவென்றால், நான் முட்டிக்கொண்ட அதே பிழை கையேட்டின் முதல் அத்தியாயத்திலேயே விளக்கத்தோடு இருந்தது.

அப்புறம் இன்னொன்று. கட்டளை அடித்து என்டர் தட்டியும் ஒன்றும் நடக்கவில்லையா? வரி தொடங்கும் இடத்தைப் பாருங்கள். சமக்குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி வந்திருந்தால், அரைப்புள்ளி போட மறந்துவிட்டீர்கள் என்று பொருள். பதில் நீளமாகி, திரை முழுக்க நின்றுவிட்டால் க்யூ அழுத்துங்கள். பேக்ஸ்லாஷ் டி போட்டால் அட்டவணைகளின் பட்டியல் வரும். ஆரம்பத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், கணியம் தளத்தில் மைஎஸ்க்யூஎல் பற்றி எளிய தமிழில் ஒரு மின்னூல் இலவசமாக இருக்கிறது. மென்பொருள் வேறுதான், ஆனால் தகவலை எடுக்கும் செலக்ட், அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

கையேட்டில் பயிற்சிக்கு ஊர்களின் வானிலையைக் கொடுத்திருப்பார்கள். ஹேவர்ட் என்ற ஊர் வானிலை அட்டவணையில் இருக்கும், ஊர் அட்டவணையில் இருக்காது; சாதாரண ஜாயினில் அது காணாமல் போகும், இணை இல்லாத வரியையும் விடாத லெஃப்ட் ஜாயினில் திரும்ப வரும். படித்தபோது எனக்கு அது ஏறவே இல்லை. அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டை இரண்டு அட்டவணைகளாக ஏற்றிப் பார்த்தபோதுதான் ஏறியது. பெயரும் போனும் ஒன்றில், கடன் தொகை இன்னொன்றில். இரண்டையும் பெயரை வைத்து இணைத்தால் மொத்தக் கடன், நோட்டில் இருந்ததை விடக் குறைவாக வந்தது. லெஃப்ட் ஜாயின் போட்டேன். போன் எண் காலியாக 'மாடி வீட்டு அக்கா' என்று ஒரு வரி. அப்பாவிடம் கேட்டால், "அது நம்ம சரசுதாண்டா" என்கிறார். சரஸ்வதி என்ற பெயரில் அவர் ஏற்கெனவே அட்டவணையில் இருந்தார். அன்று ராத்திரி உட்கார்ந்து ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, அதையே ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக, அதாவது பிரைமரி கீ ஆக்கினேன்.