மாப்பிள்ளை அழைப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். முதல் முறையாக எழுதுகிறேன், அதுவும் இலக்கியம் பற்றி இல்லை. மன்னிக்கவும்.

வரும் தையில் என் மகளுக்குத் திருமணம். ஈரோட்டில் மண்டபம். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். மகள், அவள் சித்தி பெரியம்மா பிள்ளைகள், கல்லூரித் தோழிகள் என்று பத்துப் பேர். மாப்பிள்ளை பக்கமும் அதே அளவு. எல்லோரும் மேடைக்கு வரும் 'என்ட்ரி'யை வித்தியாசமாகச் செய்யவேண்டும் என்கிறார்கள். ஈவென்ட்காரர்கள் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்: தரையில் புகை, இரண்டு பக்கமும் கோல்ட் பைரோ என்ற 'குளிர்' பூவாணம், நாலு பேர் தூக்கிப் பிடிக்கும் பூப்பந்தலின் கீழே பெண் நடந்துவருவது, மாப்பிள்ளை புல்லட்டில் வருவது, செண்டை மேளம், தோழிகள் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டு வருவது. என் கணவர் இதெல்லாம் கூத்து என்கிறார். மகளுக்கோ ஆசை. நாதஸ்வரம் காலை முகூர்த்தத்துக்கு மட்டும் சொல்லியிருக்கிறோம். மாலையில் டிஜே இருப்பதால் தேவைப்படாது என்றார்கள்.

இதில் எது ரசனையாக இருக்கும்? புதிதாக ஏதாவது யோசனை உண்டா? ஆடிக்கொண்டு வருவது நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா?

அன்புடன்,
ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றி எழுத ஒரு தாய்க்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பெண்கள் ஆடட்டும். நன்றாக ஆடட்டும். உங்கள் கொங்குப் பகுதியிலேயே வள்ளி கும்மியை நூற்றுக்கணக்கான பெண்கள் கற்று ஊர் ஊராக அரங்கேற்றம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒயிலாட்டம் என்று ஒன்று இருக்கிறது. கையில் கைக்குட்டை, காலில் சலங்கை, வரிசை கலையாமல் முன்னே நகர்ந்துகொண்டே ஆடுவது. ஊர்வலத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரியாது. உங்கள் மகளின் தோழிகள் ஒரு மாதம் பயிற்சி எடுத்தால் வந்துவிடும். சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடுவேன் என்றால் அதற்கும் ஆடட்டும். இருபத்தைந்து வயதுப் பெண்கள் சந்தோஷமாக ஆடுவதால் கெட்டுப்போகிற பண்பாடு ஒன்று நமக்கு இருந்ததில்லை. உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

புல்லட், பூப்பந்தல் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. பிள்ளைகளின் விருப்பம்.

பைரோ வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. 2023 செப்டம்பரில் வட இராக்கின் காரகோஷ் ஊரில் ஒரு கல்யாண மண்டபம் எரிந்தது. மணமக்கள் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வைத்த பூவாணப் பொறி கூரை அலங்காரத்தில் பற்றியது. செத்தவர்கள் நூறு பேருக்கு மேல். நம் மண்டபங்களின் மேடையையும் கூரையையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். நைலான் துணி, தெர்மோகோல், பிளாஸ்டிக் பூ, அதற்குள் ஒயர். பெயரில் குளிர்ச்சி இருப்பதாலேயே அந்தப் பொறி குளிர்ந்துவிடாது. வெளியே செல்லும் இரண்டாவது கதவுக்கு முன்னால் சாப்பாட்டு நாற்காலிகளை அடுக்கிவைத்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் எவ்வளவு அழுதாலும் இதில் இறங்கிவராதீர்கள்.

புகை என்பது உலர் பனி, மைனஸ் 78 டிகிரியில் உறைந்திருக்கும் கரியமில வாயு. அதை வெந்நீரில் போட்டதும் தரையோடு தவழ்ந்து வருகிறது, பார்க்க அழகுதான். ஆனால் தரை ஈரமாகிவிடும். கிரானைட் தரையில் பட்டுப்புடவையும் குதிகால் செருப்புமாக உங்கள் பெண் வழுக்கி விழுந்தால் வீடியோக்காரருக்கு நல்ல காட்சி கிடைக்கும், உங்களுக்கு ஆஸ்பத்திரி. ஜன்னல் இல்லாத ஏசி கூடத்தில் தரை மட்டத்தில் விளையாடும் குழந்தைகளுக்கு அந்த வாயு நல்லதும் இல்லை.

சரி. இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "மாலையில் டிஜே இருப்பதால் தேவைப்படாது என்றார்கள்." யார் சொன்னார்கள் அம்மா? சொன்னவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களா? பந்தல் போட வந்தவர்கள் உங்கள் கல்யாணத்தில் எது தேவை, எது தேவையில்லை என்று சொல்கிறார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டு என்னிடம் புது யோசனை கேட்கிறீர்கள்.

கொஞ்ச நாளாகவே இதை நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் என்பது தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பின் நேரம். உங்கள் பக்கத்திலும் அது உண்டு. வரவேற்பு என்பது பின்னால் வந்து அதே மாலையில் உட்கார்ந்துகொண்டது. முதலில் ஆறு மணிக்கு அழைப்பு, எட்டு மணிக்கு வரவேற்பு என்று இரண்டும் இருந்தன. அப்புறம் போக்குவரத்து, போலீஸ் அனுமதி, நேரமில்லை என்று அழைப்பு சுருங்கி, மண்டபத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து வாசல் வரைக்கும் வந்தது. இப்போது மண்டபக் கதவிலிருந்து மேடை வரைக்கும் என்று ஆகிவிட்டது. நீங்கள் 'என்ட்ரி' என்கிறீர்களே, அது இந்த ஊர்வலத்தின் மிச்சம்தான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. குறுகிப்போனதைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

என் சித்தப்பாவின் மாப்பிள்ளை அழைப்பு கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. ரைஸ்மில்காரரிடம் இரவல் வாங்கிய திறந்த கார். சித்தப்பா வாழ்க்கையில் முதலும் கடைசியுமாகக் கோட்டு போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் குடும்பத்துச் சிறுவர்கள் அத்தனை பேரும் காரில் திணிக்கப்பட்டிருந்தோம். அவர் மாலையிலிருந்து ரோஜா இதழ்களைப் பிய்த்துத் தின்றதற்கு எனக்கு ஒரு குட்டு விழுந்தது. முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள். அவர்களுக்கு நடுவே இரண்டு நாயனம், அதாவது நாதஸ்வரம், இரண்டு தவில்.

இரண்டே தெருதான். அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முச்சந்தி வந்ததும் நாயனக்காரர் நின்றுவிட்டார். கார் இஞ்சினை அணைத்தார்கள். அவர் சீவாளியை, வாயில் வைத்து ஊதும் அந்த நாணல் துண்டைக் கழற்றி, நாயனத்தில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்த சீவாளிகளிலிருந்து வேறொன்றை எடுத்து, வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, அது சரிவராமல் இன்னொன்றை எடுத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் தோடி ராகத்தை எடுத்தார். திண்ணையில் இருந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே பெண்கள் காருக்குப் பக்கத்தில் வந்து சித்தப்பாவை அருகில் நின்று பார்த்தார்கள். அழைப்பிதழ் கொடுக்கப்படாத வீட்டிலிருந்தும் ஆரத்தித் தட்டு வந்தது. நாளை இந்த ஊர்ப் பெண்ணை அழைத்துப்போகப் போகிறவன் இவன் என்று ஊர் பார்த்துவைத்துக்கொண்டது.

உங்கள் ஈவென்ட்காரர்களின் பட்டியலில் இது ஒன்றுதான் இல்லை. மற்ற எல்லாம் பார்ப்பதற்கானவை. விருந்தினர் நாற்காலியில் இருக்கிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள், ஒரு வெளிச்சம் விழுகிறது, மணமக்கள் வருகிறார்கள், எல்லோரும் கைபேசியைத் தூக்குகிறார்கள். யாரும் யாரையும் தொடுவதில்லை. அதற்குப் பிறகு தொட வேண்டுமென்றால் மேடைக்கு முன்னால் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நகரத்து மண்டபத்தில் வரவேற்புக்குப் போயிருந்தேன். மேளம் வைத்திருந்தார்கள். கல்யாணி ராகத்தை அந்த வித்வான் அப்போதுதான் விரிக்கத் தொடங்கியிருந்தார். தவில்காரர் வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டி முடித்திருந்தார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்து அவர்களே செய்துகொள்ளும் கூடு அது, கல் மாதிரி இருக்கும். காதில் மைக் மாட்டிய ஒரு பையன் வந்து, பேசக்கூட இல்லை, கழுத்துக்குக் குறுக்கே கையை வீசிக் காட்டினான். நிறுத்து என்று அர்த்தம். உடனே ஸ்பீக்கர் அலறியது. தவில்காரர் ஒரு அடிகூட அடிக்காமல் அந்தக் கூடுகளைத் திரும்பக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டார். பெண்ணின் தகப்பனார் பக்கத்தில்தான் நின்றிருந்தார், பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தவில்காரருக்கு என் அப்பா வயது.

உங்கள் மண்டபத்தில் இது நடக்கக்கூடாது. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏசி கூடத்துக்குள் தவில் காதைப் பிளக்கிறது என்பார்கள். உண்மைதான். பலாமரத்தைக் குடைந்து செய்த அந்த வாத்தியம் திறந்தவெளிக்கு உரியது. கோயில் வீதியில் சாமிக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிப்பதற்காக உருவானது. நாயனமும் அப்படியே. முன்பு திமிரி என்று குட்டையான, உச்ச சுருதி நாயனம் இருந்தது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கேட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்துகொடுத்தார். சுருதி இறங்கி, நாதத்தில் கனம் ஏறியது. அந்த ஊரில் இன்றும் ஆச்சா மரத்தில் அதைக் கடைகிறார்கள், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பேருடைய உழைப்பையும் நான்கு சுவருக்குள் உட்காரவைத்து, பேச முடியவில்லை என்று குறைசொல்லி, பிறகு நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்? வாத்தியத்தைக் குறைசொல்லாதீர்கள். அதை வெளியே கொண்டுபோங்கள்.

ஆகவே என் யோசனை இது. ஊர்வலம் மண்டபத்தின் வெளிக்கேட்டில் தொடங்கட்டும். அங்கிருந்து கூடத்து வாசல் வரை கார் நிறுத்தும் இடம், பந்தல் என்று நிச்சயம் நூறு, நூற்றைம்பது அடி இருக்கும். விருந்தினர் உள்ளே உட்காரவேண்டாம், வெளியே வந்து இரண்டு பக்கமும் நிற்கட்டும். முதலில் மேளம். அடுத்து உங்கள் மகளின் தோழிகளும் மாப்பிள்ளையின் நண்பர்களும் ஒயிலாட்டமோ கும்மியோ, அவர்கள் விரும்பியது. அவர்களுக்குப் பின்னால் சீர்த்தட்டு எடுத்துவரும் பெண்கள். தோழிகள் பட்டாளம் வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள், தட்டு ஏந்திய அத்தைகளும் சித்திகளும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். கேட்டில் தாய்மாமன் மாலை போடட்டும். பந்தலின் நடுவில் ஒருமுறை நிறுத்துங்கள், நாயனக்காரர் ஐந்து நிமிடம் நின்று வாசிக்கட்டும், அந்த நேரத்தில் வயதானவர்கள் கிட்டே வந்து பிள்ளைகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். வாசலில் ஆரத்தி. கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் மேளம் ஓயலாம், டிஜே தொடங்கலாம். ஆட்டத்துக்கு சினிமாப் பாட்டுதான் வேண்டுமென்றால் அதை உள்ளே, மேடைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தவிலும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஒலிக்கவே கூடாது.

வித்வானிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள், நீங்களே போங்கள். எவ்வளவு தூரம், எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். மல்லாரி வாசிக்கவேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அது சாமி புறப்பாட்டுக்கு உரியது. கல்யாணத்துக்கு வாசிக்கமாட்டேன் என்கிறவர்களும் உண்டு, வாசிக்கிறவர்களும் உண்டு. அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். கம்பீரநாட்டை ராகத்தில் வேறு ஏதாவது வாசிப்பார். மாலைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள், காலைக் கூலியோடு சேர்த்துக்கொள் என்று பேரம் பேசாதீர்கள். இரவுச் சாப்பாட்டை அவர்களுக்குக் கடைசிப் பந்தியில் தள்ளாதீர்கள்.

செண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரிய கலை. பஞ்சாரி என்ற மேளத்தின் முதல் காலத்தில் ஒரு தாளச் சுற்றே 96 அட்சரம், மெல்ல மெல்ல ஏறி உச்சத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை மூன்று நிமிடச் சத்தமாக வாங்குவது அவர்களுக்கும் மரியாதை இல்லை. முழு மேளத்துக்கு நேரம் ஒதுக்க முடியுமானால் தாராளமாக அழையுங்கள்.

இன்னொன்று. அழைப்பிதழில் ஆறரை என்று அச்சடித்தால் ஆறரைக்கு நடக்க வேண்டும். மேக்கப் முடியவில்லை என்று எட்டரை வரை காக்கவைத்துவிட்டு எவ்வளவு அழகாக நுழைந்தாலும், சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் பெரியம்மாவுக்கு அது அழகாகத் தெரியாது. ஒப்பனைக்காரரைப் பகல் இரண்டு மணிக்கே வரச்சொல்லுங்கள்.

மகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவள் சொல்வதையே செய்யுங்கள், பைரோவைத் தவிர. பிடித்திருந்தால் முகூர்த்தத் தேதியை எழுதுங்கள். தையில் நல்ல குழுக்கள் சீக்கிரம் போய்விடும். எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் அந்த மாலைக்கு நானே கேட்டுச் சொல்கிறேன். கேட்டிலிருந்து வாசல் வரை எத்தனை அடி என்பதையும் அளந்து சேர்த்து எழுதுங்கள், அவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்.