முதலில் கேசட், பிறகு கவிதை

அன்புள்ள அக்காவுக்கு,

வரும் புரட்டாசியோடு அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. கடைசி இரண்டு வருஷம் படுக்கையில்தான் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன்னால் வாரம் ஒரு கவிதையாவது எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வரிகூட வரவில்லை. ஒரு வருஷப் பூசையன்று அம்மாவைப் பற்றிச் சின்னதாக ஒரு கவிதைப் புத்தகம் போட்டுக் கொடுக்கலாம் என்கிறான் தம்பி. கூட வேலை செய்கிறவர்களோ, லீவு போட்டுவிட்டு எங்காவது போய் ஓய்வெடு, எழுத்து தானாக வரும் என்கிறார்கள். எது சரி? ஓய்வெடுப்பதா, உட்கார்ந்து முயன்று எழுதுவதா? எழுதினால் வெண்பாவில் எழுதலாமா? இன்னொன்று, எனக்கு அழுகையே வரவில்லை. அது தப்பா?

அப்பா பதிவு செய்த கேசட்டுகள் ஒரு ஷூ பெட்டி நிறைய இருக்கின்றன. அம்மா கோயிலில் பாடியது, வீட்டில் சின்னம்மாவோடு பேசியது எல்லாம் அதில் உண்டு. கேட்கத் தைரியம் இல்லை. கட்டி, வீட்டுக்கு வெளியே தனியாக இருக்கும் அவுட்பில்டிங்கில் அலமாரி மேல் வைத்துவிட்டேன். போனிலும் அம்மாவின் வாய்ஸ் நோட்டுகள் இருக்கின்றன. சில வருஷம் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

ச., சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

*

அன்புள்ள தங்கைக்கு,

அழுகை வராதது தப்பே இல்லை. இரண்டு வருஷம் மருந்துக்கும் தண்ணீருக்கும் நடுராத்திரியில் எழுந்து எழுந்து பழகிய உடம்பு உங்களுடையது. அதற்கு முதலில் தூக்கம் திரும்ப வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அழாததால் பாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வெண்பாவைப் பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை. புத்தகம் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள். நாள் குறித்து எழுதுகிற இரங்கல் கவிதைகளில் தியாகம் வரும், தெய்வம் வரும், அணையா விளக்கு வரும். உங்கள் அம்மா வரமாட்டார். பூசைக்கு வருகிறவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்கள், அது போதும்.

அந்த ஷூ பெட்டிக்கு வருகிறேன். "சில வருஷம் கழித்து" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதுவும் டர்பனில்! அவுட்பில்டிங் என்றால் பெரும்பாலும் ஷீட் கூரை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, நம் கோடையில், கடற்கரைக் காற்றின் ஈரமும் கூரைச் சூடும் சேர்ந்து அந்த அலமாரி மேல்தான் இறங்கும். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். சூட்டில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் ஏறிக்கொள்ளும். பழைய கேசட்டுகளில் பாட்டு தொடங்கும் முன்பே அதே பாட்டு மெல்லக் கேட்பது இதனால்தான். இன்றைக்கே அதைக் கீழே இறக்கி, வீட்டுக்குள் நடு அறையில், வெளிச்சுவரை ஒட்டாத ஓர் இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். வெளியே எடுக்கும்போது நீர் கோத்துக்கொள்ளும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக நடாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்த மாகாணத்துக்கு, வந்தார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் எழுதிவைத்தார்கள். அவர்கள் எப்படிப் பேசினார்கள், எந்த ராகத்தில் பிள்ளையைத் தூங்கவைத்தார்கள் என்பதை எழுதிவைக்க யாரும் இல்லை. அந்தப் பேச்சின் கடைசித் தலைமுறை கேசட் காலத்தில் உயிரோடு இருந்தது. பேரன் பேத்திகள் வீட்டைக் காலி செய்யும்போது குப்பைப் பைக்குள் முதலில் போவதும் அந்தக் கேசட்டுகள்தான். தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த நீங்களே அதை ஒதுக்கி வைத்தால் வேறு யாரைக் கேட்பது?

சரி, வேலையைச் சொல்கிறேன்.

முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பையும் பாருங்கள். டேப் தெரியும் வாய் கீழே இருக்கும்படி, ஏ பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், மேலே இடது மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாழ் அந்தப் பக்கத்துக்கான பூட்டு. அதை உடைத்துவிட்டால் கை தவறி ரிக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. திருப்பிப் பிடித்து மறுபக்கத்துக்கும் அப்படியே செய்யுங்கள். அப்பா அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.

அடுத்து டார்ச் அடித்து, கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைப் போடவே கூடாது. அதைப் போட்ட டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில், அடுத்து எதைப் போட்டாலும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். தனியாக ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவையுங்கள், அதைத் துடைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

வாயின் நடுவில், டேப்புக்குப் பின்னால், செம்புப் பட்டையில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். டேப்பை, அதைப் படிக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறதுபோல் மங்கலாகக் கேட்கும். டேப் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிவது இந்த ஒரு துண்டினால்தான். ஐந்து திருகாணி போட்ட வேறொரு கேசட்டை வாங்கிப் பிரித்து, அதன் கூட்டுக்குள் அம்மாவின் இரண்டு சுருள்களையும் மாற்றிவையுங்கள். டேப் இரண்டு மூலை உருளைகளுக்கும் வெளிப்பக்கமாகப் போக வேண்டும், கம்பளிக்கு முன்னால் வர வேண்டும். அறுந்திருந்தால் அதற்கென்று விற்கிற ஸ்பிளைசிங் டேப்பால்தான் ஒட்ட வேண்டும். செலோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும், ஹெட்டையும் அடைக்கும்.

பெட்டியில் சி-120, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து 120 நிமிஷம் ஓடுகிற கேசட், இருந்தால் ஜாக்கிரதை. சி-60இன் டேப் 18 மைக்ரான் தடிமன், சி-90 என்றால் 12, சி-120 வெறும் 9. வேகமாகச் சுற்றினால் இழுபட்டு நீண்டுவிடும், உருளையிலும் சிக்கும். மற்றவற்றைப் போடுமுன் ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் சீராகும்.

டெக் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். யூஎஸ்பி கேசட் கன்வெர்ட்டர் என்று மலிவாக விற்கிற பிளாஸ்டிக் சாமான் வேண்டாம். அதில் வேகம் ஒரே சீராக நிற்காது, நீட்டிப் பாடுகிற இடத்தில் குரல் நடுங்கும். உறவுக்காரர் வீட்டில் பழைய நல்ல டெக் ஒன்று இருக்கும். பெல்ட்டை மாற்றச் சொல்லுங்கள், பழைய பெல்ட் ரப்பர் பிசினாகியிருக்கும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பழுப்பு நிறம் ஒட்டாமல் வரும்வரை துடையுங்கள்.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகாணி ஒன்று உண்டு. ஹெட்டின் சாய்வை அது தீர்மானிக்கிறது. அப்பாவின் ரிக்கார்டரில் இருந்த சாய்வும் இந்த டெக்கின் சாய்வும் ஒன்றாக இருக்காது. பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, கேசட் ஓடும்போதே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கால் சுற்றுக்குள் மெதுவாகத் திருகுங்கள். அம்மா பேச்சில் வருகிற ஸகரம் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். சோம்பல் படுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

வேகத்தைச் சோதிக்கக் கோயில் ஹார்மோனியம் உதவும். அம்மா வழக்கமாக ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர், கேசட்டில் ஐந்தரையாகக் கேட்கிறது என்றால் ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடியிருக்கிறது. பதிவு செய்த அன்று அப்பாவின் பேட்டரி இறங்கியிருக்கலாம். மெதுவாக ஓடிப் பதிந்தது சரியான வேகத்தில் கீச்சென்று கேட்கும். அதைக் கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு ஒயர் போக வேண்டும், மைக் துளைக்கு அல்ல. மைக் துளையில் செருகினால் சத்தம் உடைந்துவிடும். லைன் இன் இல்லையென்றால் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். பதிவு செய்கிற ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்சச் சத்தம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். நிமிஷத்துக்கு 17 எம்பி ஆகும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி. இரைச்சல் நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள். இரைச்சலோடு மூச்சும் போய்விடும். இடையில் ரேடியோ லோட்டஸ் பாட்டு வந்தாலும் வெட்டாதீர்கள். அந்தப் பாட்டுக்கு நடுவே அம்மா யாரையோ கூப்பிட்டிருப்பார்.

பிரதி மூன்று வேண்டும். இரண்டு தனித்தனி டிரைவில், ஒன்று வேறு ஊரில். 2022 ஏப்ரலில் டர்பனையும் சுற்றுப்புறத்தையும் அடித்த வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் போனார்கள், வீடுகள் சரிந்து போயின. ஒரே வீட்டில் மூன்று பிரதி வைப்பது ஒரு பிரதி வைப்பதற்குச் சமம். குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும் கேட்டுப் பாருங்கள்.

போனில் உள்ளது சுலபம், ஆனால் அவசரம். அம்மாவோடான வாட்ஸப் உரையாடலில் மறையும் செய்திகள் அமைப்பு போட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வாட்ஸப் மீடியா அடைவுக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று ஓர் அடைவு இருக்கும். குரல் பதிந்த ஓபஸ் கோப்புகள் அங்கேதான், பெயரிலேயே தேதி இருக்கும். முழு அடைவையும் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். அம்மாவின் போனையும் சார்ஜ் போட்டுத் திறந்து பாருங்கள். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸப் நீக்கிவிடும், இந்நேரம் நீக்கியிருக்கலாம். ஆனாலும் கோப்புகள் போனிலேயே இருக்கக்கூடும். நீங்கள் அனுப்பியதற்கு அவர் என்ன பதில் பேசினார் என்பது இரண்டு பக்கமும் இருந்தால்தான் விளங்கும்.

ஓய்வா, எழுத்தா என்று கேட்டிருந்தீர்கள். கிரஹாம் வாலஸ் என்பவர் 1926லேயே படைப்புக்கு நான்கு கட்டம் என்று எழுதி, இரண்டாவது கட்டத்தில் விஷயத்தை மனசின் அடியில் கிடக்க விடச் சொன்னார். உங்கள் நண்பர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் கட்டம் பொருளைச் சேகரிப்பது. சேகரிக்காமல் கடற்கரையில் போய்ப் படுத்தால் வெயில்தான் கிடைக்கும்.

கேசட்டை வேகமாக ஓட்டிப் பதிவு செய்ய நம் வீட்டு டெக்கில் வழியில்லை. சி-90இன் ஒரு பக்கம் என்றால் 45 நிமிஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். சத்த அளவைப் பார்க்க வேண்டும், சிக்குகிறதா என்று கவனிக்க வேண்டும். வேறு எதுவும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். நாளைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் கூடாது. கேட்கத் தாங்காத நாளில் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரையில் கோடு ஏறி இறங்குவதை மட்டும் பாருங்கள், பதிவு நடந்துகொண்டிருக்கும். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஓய்வு இதுதான்.

பிறகு பேச்சை எழுதுங்கள். பேனாவும் நோட்டும் போதும். ஒரு நிமிஷப் பேச்சுக்குப் பத்து நிமிஷமாவது எடுக்கும். ஓரத்தில் நேரத்தைக் குறியுங்கள். "ரோபோட்டுக்கிட்ட பக்கி நின்னுச்சு" என்று அவர் சொல்லியிருந்தால் அப்படியே எழுதுங்கள், போக்குவரத்து விளக்கு, வண்டி என்றெல்லாம் திருத்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இருமினால் இருமல் என்று எழுதுங்கள். பாதியில் நிறுத்திய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். பத்துப் பக்கம் இப்படி எழுதினால், அவர் எந்தச் சொல்லில் மூச்சு விடுவார், கோபத்தில் எந்தச் சொல்லைத் திரும்பச் சொல்வார் என்பதெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். கவிதை எழுதுவதானால் அதற்கப்புறம் எழுதுங்கள்.

கேசட்டில் அம்மாவோடு பேசுகிறவர் சின்னம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கிறாரா? இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் போங்கள். பேசுகிறவர்கள் யார் யார், எந்த வீடு, எந்தக் கல்யாணம், பின்னால் அழுகிற குழந்தை யாருடையது என்பதைச் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடைக்காது. அவர் முன்னால் கேசட்டைப் போடும்போது போனில் அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம், அவருக்கும் அக்கா போயிருக்கிறார். குளிர்காலம் முடியப்போகிறது, காற்று காய்ந்திருக்கும் வாரங்கள் இவை. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். பூஞ்சை பிடித்தது எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள், துடைக்கிற முறையைத் தனியாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா