அப்பாவுக்கு வீர் சக்ரா கேட்டு மனுப் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாக இருந்தவர். 1971 போரில் கிழக்கு முனையில், அடிபட்டுக் கிடந்த தன் செக்‌ஷன் கமாண்டரைக் குண்டுமழைக்கு நடுவே தூக்கி வந்தாராம். அப்போது அவர் தோளிலும் ஷெல் சிதறல் பாய்ந்திருக்கிறது. கூட இருந்த ஒருவர் இப்போதுதான் எங்களிடம் இதைச் சொன்னார்; அப்பா இதுவரை வாய் திறந்ததே இல்லை. 1977இல் குடும்பச் சூழலால் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்துவிட்டார். வீட்டில் ஒரு பதக்கம்கூடக் கிடையாது. அவருக்கு வீர் சக்ரா வாங்கித் தர யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?
— வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வீர் சக்ரா போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்கான விருது. அதற்குக் குடும்பத்தார் விண்ணப்பிக்க வழியில்லை. சண்டை முடிந்த கையோடு பட்டாலியன் கமாண்டர் பரிந்துரை எழுத வேண்டும். கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலம் அதோடு போக வேண்டும். பிறகு பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று படிப்படியாக ஏறி, டெல்லியில் ராணுவத் தலைமையகமும் பாதுகாப்பு அமைச்சகமும் பார்த்து, கடைசியில் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்க வேண்டும். அன்று அந்த முதல் தாள் எழுதப்படவில்லை என்றால், அரை நூற்றாண்டுக்குப் பிறகு கதவு கிட்டத்தட்ட மூடியதுதான். இதைச் சொல்லாமல் உங்களை அலையவிடுவது சரியில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களை நிறுத்தியது வேறொரு வரி: 'வீட்டில் ஒரு பதக்கம்கூடக் கிடையாது.' அது நடக்கக் கூடாத விஷயம். கிழக்குப் போர்ப்பகுதியில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார் உண்டு. அந்தப் போர்க்காலத்தில் படையில் இருந்ததற்கு சங்க்ராம் மெடல் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லாருக்கும் சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டு மெடல் உண்டு. எதிரியின் ஷெல்லால் காயம்பட்டது ஆவணத்தில் இருந்தால் ஊண்ட் மெடலும் சேரும்; இப்போது அதன் பெயர் பராக்ரம் பதக். போர்ப் பதக்கங்கள் போர் முடிந்த பிறகே ஏற்படுத்தப்பட்டன. அவை தயாராகிக் கைக்கு வர வருடங்கள் ஆயின. அதுவரை பலர் நெஞ்சில் ரிப்பன் மட்டும் குத்திக்கொண்டிருந்தார்கள். இடையில் ஊருக்குத் திரும்பியவர்களுக்குப் பதக்கம் வந்து சேரவே இல்லை. இவையெல்லாம் அவருக்குச் சேர வேண்டிய பாக்கி. யாருடைய தயவும் தேவையில்லை. முதலில் இதை வாங்குங்கள்.

தொடக்கம் அவருடைய டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து வெளிவரும்போது கொடுக்கும் பணிப் புத்தகம். அதில் படை எண், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பட்டாலியன், 'பதக்கங்கள்' என்ற பத்தி எல்லாம் இருக்கும். அந்தப் பத்தியில் பூர்வி ஸ்டார் என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. புத்தகம் தொலைந்துவிட்டால் படை எண்ணாவது வேண்டும். பழைய கடிதங்களின் முகவரியிலும், கல்யாணப் பத்திரிகையிலும், டிரங்குப் பெட்டியின் மூடியிலும் தேடுங்கள். பெட்டியில் பெயின்டால் எண் எழுதுவது பட்டாளத்து வழக்கம்.

கடிதம் எழுத வேண்டிய இடம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸ். (மற்ற படைப்பிரிவுக்காரர்களுக்கு: எம்.இ.ஜி. எனும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், கருவிகளையும் வண்டிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத்.) உங்கள் பெயரில் எழுதாதீர்கள். அவர் உயிரோடு இருக்கிறார், அவரே கையெழுத்திட வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களின் நகல், ஆதார், பெயர் எழுத்தில் மாற்றம் இருந்தால் அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் வையுங்கள். பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது இந்தப் பெயரில்தான். பட்டாளத்தில் அப்பா பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர், ஆதாரில் இனிஷியலோடு வேறு எழுத்துக்கூட்டு என்றால் அங்கே இருக்கும் கிளார்க்குக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்படுவதால் இதில் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடிதத்தைச் சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்பி, ஒரு நகலை ஸ்பீட் போஸ்ட்டில் நேராக வெலிங்டனுக்கும் போடுங்கள்.

காயத்துக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. பட்டாளத்தில் விடுப்பு, கல்யாணம், குழந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் பதிவாகும். அப்பாவின் காயம் அதில் 'பேட்டில் கேஷுவால்ட்டி' (போரில் பட்ட காயம்) என்று பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படி இருந்தால் பராக்ரம் பதக்குக்கு அடிப்படை கிடைத்துவிட்டது. பதிவே இல்லை என்றாலோ, சாதாரண விபத்து என்று பதிந்திருந்தாலோ சிக்கல். தோளில் இன்னும் உலோகத் துணுக்கு இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். அது காயத்தைக் காட்டுமே தவிர, எந்தச் சண்டையில் பட்டது என்று சொல்லாது. அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டு, அந்த வாரம் வீட்டுக்கு எழுதிய கடிதம் எது கிடைத்தாலும் மதிப்புண்டு.

இதைத் தள்ளிப்போட முடியாது. பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது வழக்கம். அதற்கப்புறம் மிஞ்சுவது 'லாங் ரோல்' என்ற பேரேட்டு வரிகள்தான். அதிலாவது என்ன இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். இதையும் அப்பா பெயரிலேயே போடுங்கள். நீங்கள் கேட்டால் 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். 'அன்று நடந்ததைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஒன்றும் வராது. லாங் ரோல் பதிவின் நகல், 1971 டிசம்பர் முதல் 1972 ஜூன் வரை அந்தப் படை எண்ணுக்கு வெளியான பார்ட் டூ ஆர்டர்கள், அந்தப் பட்டாலியனின் 1971 விருதுப் பரிந்துரைப் பட்டியலில் இவர் பெயர் உண்டா என்று மூன்றே கேள்விகள் போதும்.

மூன்றாவது கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால் நிலைமையே வேறு. சில வீட்டில் சேனா மெடல் என்ற ராணுவ விருதோ, மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ் என்ற பாராட்டுக் குறிப்போ அறிவிக்கப்பட்டது தெரியாமலே ஆள் ஊருக்கு வந்திருப்பார். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலும் ஒருமுறை பெயரைத் தேடிவிடுங்கள்.

காலம் கடந்து வீர விருது கிடைத்ததே இல்லையா? கிடைத்திருக்கிறது. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா தாக்குதலில் தன் பழைய மிஸ்டேர் விமானத்தை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்றை வீழ்த்திவிட்டு இறந்தார். நம் பக்கத்தில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. காணாமல் போனவர் என்றுதான் பதிவு. 1979இல் ஒரு பிரிட்டிஷ்காரர் பாகிஸ்தான் தரப்பிலிருந்து எழுதிய புத்தகத்தில் அந்தச் சண்டை வெளிவந்தது. விமானப்படை விசாரித்து, 1988இல் வீர் சக்ராவுக்கும் மேலான மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. 23 ஆண்டுகள். அங்கே ஃபைலை நகர்த்தியது குடும்பத்தின் மனு அல்ல. எதிரியின் பக்கத்திலிருந்தே வந்த புதிய சான்று.

உங்களிடம் இருப்பது ஒரு சாட்சி. அவர் வாக்குமூலத்தை இந்த மாதமே எழுதி வாங்கி நோட்டரி முன் கையெழுத்திடச் செய்யுங்கள். அவர் எங்கே நின்றிருந்தார், எவ்வளவு தூரம், பகலா இரவா, எந்தக் கம்பெனி, எந்த பிளட்டூன், யார் அடிபட்டது, அவரைச் சுமந்து எங்கே கொண்டு சேர்த்தார்கள் என்பது இருக்க வேண்டும். 'அஞ்சா நெஞ்சன்' போன்ற அடைமொழி ஒன்றுகூட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதட்டும். பட்டாலியனின் வார் டயரியோடு (போர்க்கால நாட்குறிப்போடு) தேதி ஒரு நாள் முரண்பட்டாலும் மொத்த மனுவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்பா தூக்கி வந்தவரோ அவர் குடும்பமோ கிடைத்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. பட்டாலியனின் முன்னாள் வீரர் சங்கத்தில் கேளுங்கள். அன்றைய கம்பெனி கமாண்டர் உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்தோடு, பட்டாலியன் வழியாகவே மனு மேலே போகட்டும். நேராக ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் அனுப்பினாலும் அது சுற்றிக்கொண்டு அதே மேஜைக்குத்தான் வரும்.

வழக்கைப் பற்றியும் நினைப்பீர்கள். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. வர வேண்டிய போர்ப் பதக்கத்தைத் தராமல் இழுத்தடித்தால் அங்கே போகலாம். வீர விருதுக்காகப் போகாதீர்கள். யாருக்கு விருது தருவது என்பதில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை, அப்பாவின் வயது அந்த வாய்தாக்களைத் தாங்காது. 'டெல்லியில் ஆள் இருக்கிறார், மெடல் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரர்களுக்கு மத்திய அரசின் மாத உதவித்தொகை இருக்கிறது. அங்கேயே விண்ணப்பிக்கலாம். அப்பா இதுவரை வாங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறோம்.

பதக்கங்கள் வந்ததும் தபாலில் வந்த கவரை நீங்களே பிரித்து அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். டிசம்பர் 16 வெற்றி தினம். அல்லது அவருடைய பட்டாலியனின் ரைசிங் டே, அதாவது அது தொடங்கப்பட்ட நாள். பட்டாலியன் நிர்வாகத்தைப் பார்க்கும் அதிகாரியான அடஜுடன்ட்டுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதினால், பட்டாலியன் எங்கே இருந்தாலும் பழைய ஆட்களை மதித்து அழைப்பார்கள். பயணம் முடியாது என்றால், உங்கள் ஊர்ப் பள்ளியில் மாவட்ட அலுவலரை வைத்து அவர் நெஞ்சில் பதக்கத்தைக் குத்தச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் அப்பாவிடம் கேட்டுவிடுங்கள். ஐம்பது வருடம் பேசாமல் இருந்தவருக்கு மேடை பிடிக்காமலும் போகலாம்.