முதன்முறை பாய் விரிக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

சிறு பாய்மரப் படகு குறித்து மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். பெரும்பாலான கேள்விகள் ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர் வகைப் படகைப் பற்றியவை. இப்போது இல்கா என்ற பெயரில் வருவதும் இதுதான். டோக்கியோவிலும் பாரிஸிலும் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஓட்டியது இந்த வகையே.

கேள்வி (அண்ணா நகர், மதுரை): பழைய லேசர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். வண்டியூர்க் கண்மாய் பக்கத்திலேயே இருக்கிறது, வைகை அணை ஒன்றரை மணி நேரப் பயணம், கடல் அதைவிடத் தூரம். முதலில் எங்கே இறக்குவது?

பதில்: கண்மாய் வேண்டாம். இந்தப் படகின் நடுவே உள்ள துளைவழியாகக் கீழே இறக்கும் நடுப்பலகையை முழுதாக இறக்கினால் அடியில் ஏறக்குறைய 80 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். கண்மாயில் மடைப்பக்கம் ஆழம் இருக்கலாம், உள்வாய்ப் பக்கம் போனால் முழங்கால் தண்ணீர்தான். நம் பக்கத்துக் கண்மாய்களின் உள்ளே சீமைக் கருவேல மரங்கள் வளர்ந்து, தண்ணீர் ஏறியதும் மூழ்கிக் கிடக்கும். பலகை அதில் மாட்டினால் படகு அங்கேயே சுழன்று கவிழும். ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் சுக்கானே திரும்பாது. கரை மரங்களும் கட்டடங்களும் காற்றை மறித்து நாலாபக்கமும் சிதறடிப்பதால், காற்றின் திசையைப் படிக்கக் கற்றுக்கொள்ளவும் முடியாது.

வைகை அணையில் நீர்வளத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் படகை இறக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் ஆனி, ஆடி மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் மேல்காற்று ஆண்டிப்பட்டிப் பக்கம் எவ்வளவு முரட்டுத்தனமாக வீசும் என்பதற்கு அங்குள்ள காற்றாலைகளே சாட்சி. நீர்ப்பரப்பு அணைக்கு மேற்கே இருப்பதால் அந்தக் காற்று படகை அணைச் சுவரையும் மதகையும் நோக்கித் தள்ளும். நீர்மட்டம் முழு மட்டமான 71 அடிக்குப் பல அடி கீழே இருக்கும் நாட்களில் அடிமரங்களும் பாறைகளும் மேற்பரப்புக்கு நெருங்கி வந்திருக்கும்.

எங்கள் பரிந்துரை தேவிபட்டினம் அல்லது மண்டபத்தின் வடகரை. அதாவது பாக் நீரிணைப் பக்கம், உள்ளூரார் வடகடல் என்பது. அடி பெரும்பாலும் மணலும் சேறும். ஆழம் மெல்லத்தான் கூடும். நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. தனுஷ்கோடிப் பக்கம் முதல் நாளில் போகவே வேண்டாம். அங்கே நீரோட்டம் வலுவானது, சர்வதேசக் கடல் எல்லையும் அருகில். மண்டபத்தின் தென்கடலில் உள்ள தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது.

இடத்தைவிட மாதமும் காற்றும் முக்கியம். தேவிபட்டினம் கரை கிழக்கு பார்த்தது. வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து கடலுக்குள் இறங்குகிறது. கரையோரம் அலையே இராது, தெப்பக்குளம் போலக் கிடக்கும். அதைப் பார்த்து நல்ல நாள் என்று இறங்கிவிடாதீர்கள். கரையை விட்டு அரைக் கிலோமீட்டர் போனதும் மரங்களின் மறைவு விலகி, காற்று வலுத்து, அலை எழும். கரைக்குத் திரும்ப எதிர்க்காற்றில்தான் ஏற வேண்டும், அந்த வேலைதான் புதியவருக்கு இன்னும் கைவராதது. படகு கவிழ்ந்தால் ஒவ்வொரு நிமிடமும் கரை தூரப் போய்க்கொண்டே இருக்கும். ஐப்பசி முதல் தை வரை வாடை. அது கரையை நோக்கி வீசினாலும் வடகடலைக் கொந்தளிக்கச் செய்துவிடும். மிச்சம் இருப்பது மாசியின் பின்பாதி, பங்குனி, சித்திரையின் முன்பாதி. அந்த நாட்களில் முற்பகலில் கடற்காற்று எழுந்து சாய்வாகக் கரையை நோக்கி வரும். என்ன தவறு நடந்தாலும் படகும் நீங்களும் கரைக்கே ஒதுங்குவீர்கள். முதல் நாளுக்கு இது ஒன்று அமைந்தால் போதும், மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை.

காற்றின் வேகம் மணிக்கு 11 முதல் 18 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். அங்கங்கே ஓர் அலையின் தலையில் வெள்ளை நுரை தெரிந்தால் சரி. பார்க்கும் இடமெல்லாம் நுரை என்றால் படகை வண்டியிலிருந்து இறக்காதீர்கள். முந்தைய நாள் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத் இன்காய்ஸ் நிலையத்தின் அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். புறப்படும் முன் அருகிலுள்ள கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் சொல்லிவிட்டு, அடையாள அட்டையை நீர்புகாப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் உதவி எண் 1093, கடலோரக் காவல்படை மீட்பு எண் 1554.

கேள்வி (திருமங்கலம்): கடலுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? என்னுடையது பதினைந்து வருடப் படகு.

பதில்: முதலில் பாய்மரம் நிற்கும் குழி. அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடியில் விரிசல். அப்படியே ஓட்டினால் ஒருநாள் மரம் குழியைப் பிளந்துகொண்டு சாயும். அது சரியாகும் வரை கடல் பேச்சே வேண்டாம்.

அடுத்து உடற்பகுதி. பின்பக்கத் துளையின் அடைப்பானைக் கழற்றி, அதில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். இன்னொருவர் இணைப்புகளிலும் திருகாணிகளைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தடவட்டும்; குமிழி வரும் இடம் ஒழுகும் இடம். பஞ்சர் கடை கம்ப்ரசரை ஒருபோதும் மாட்டாதீர்கள், மேல்தளமும் அடித்தளமும் ஒட்டிய இடம் பிரிந்துவிடும். ஆளில்லாத வெற்று உடல் 59 கிலோ இருக்க வேண்டும். அரிசி மண்டித் தராசில் வைத்துப் பாருங்கள். 70ஐத் தொட்டால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது.

சுக்கானைத் தாங்கும் கொக்கிகளின் திருகாணிகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். படகு கவிழும்போது சுக்கான் கழன்று விழாமல் பிடிக்கும் சிறு தகடு ஒன்று உண்டு. பழைய படகுகளில் அது ஒடிந்தே இருக்கும், புதிதாகப் போடுங்கள். பாய்மரம் இரண்டு துண்டு. அவை சேரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது. இரு முனை அடைப்பான்களும் இறுக்கமாக இருக்கட்டும். உள்ளே காற்று இருந்தால்தான் கவிழ்ந்த மரம் மிதக்கும்.

கயிறுகளைத் தயங்காமல் மாற்றுங்கள். பாயை இழுக்கும் கயிறு 7 அல்லது 8 மி.மீ. தடிமன், 12 முதல் 13 மீட்டர் நீளம். நுனியில் எட்டுப்போல் ஒரு முடிச்சு போட்டுவிட்டால் கப்பியிலிருந்து உருவிப் போகாது.

கொண்டுபோக, படகின் நீளமான 4.23 மீட்டரைக் கணக்கில் வையுங்கள். குட்டி யானையில் பாதி வெளியே தொங்கும், வழியில் அபராதமும் உண்டு. 14 அடித் தொட்டி உள்ள ஐச்சர் வண்டி சரியாக இருக்கும். படகைக் கவிழ்த்து, பழைய மெத்தை மேல் வைத்து, அகலமான நாடாவால் கட்டுங்கள். மெல்லிய கயிறு விளிம்பை நசுக்கிவிடும்.

கேள்வி (மேலூர்): தண்ணீரில் இறக்கிய முதல் ஒரு மணி நேரம் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

பதில்: கரையில் படகின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி வைத்துவிட்டுப் பாயை ஏற்றுங்கள். பக்கவாட்டில் நிறுத்தி ஏற்றினால் பாய் நிரம்பி, படகு மணலிலேயே புரளும். பாயின் அடி விளிம்புக்கும் பூம் எனப்படும் கீழ்க்கழிக்கும் நடுவே ஒரு கையளவு, 10 முதல் 15 செ.மீ., இடைவெளி விடுங்கள். உங்கள் எடை 65 கிலோவுக்குக் கீழே என்றால் 7.06 சதுர மீட்டர் முழுப்பாய் உங்களுக்குப் பெரிது. பூமைக் கழற்றி, மரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாயைச் சுருட்டிவிட்டுப் பூமை மாட்டுங்கள்.

அரை நாளுக்கு ஒரு மோட்டார் ஃபைபர் படகைக் காப்புப் படகாக அமர்த்திக்கொள்ளுங்கள். இந்தச் செலவை மட்டும் குறைக்காதீர்கள். 10 மி.மீ. கயிறு 20 மீட்டர் அதில் இருக்கட்டும். கரையோரத்தில் பலகையையும் சுக்கானையும் இறக்க ஆழம் போதாது, காற்றோ கரைக்கே தள்ளும். எனவே 300 மீட்டர் வரை அந்தப் படகுக்காரர்கள் இழுத்துப் போய் விடட்டும். இழுக்கும்போது நடுப்பலகை மேலே இருக்க வேண்டும்.

அங்கே முதல் கால் மணி நேரம் எங்கேயும் போகாதீர்கள். பாய்க்கயிற்றை முழுக்க விட்டுப் பாயைப் படபடக்க விடுங்கள். படகு நிற்கும். மெல்ல இழுத்தால் நகரும், விட்டால் மறுபடி நிற்கும். சாயும்போது கயிற்றை விட வேண்டும் என்பது கைக்குப் பழகுவது இப்படித்தான். பயத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்குவதால்தான் பெரும்பாலும் கவிழ்கிறது.

பிறகு காற்று தோளில் பக்கவாட்டாகப் படும்படி, கரைக்கு இணையாக இருநூறு மீட்டர் போய்த் திரும்பி அதே கோட்டில் வாருங்கள். திரும்பும்போது முகம் காற்றைக் கடந்து போகட்டும். வேகம் இருக்கும்போதே சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளி, தலையைக் குனிந்து பூமை மேலே போகவிட்டு, மறுபக்கம் உட்காருங்கள். பின்காற்றில் திருப்புவதை முதல் நாள் செய்யவே வேண்டாம். பூம் ஒரு வீச்சில் அடித்து வரும், மண்டை பிளக்கும்.

நேர் எதிர்க்காற்றின் இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் இந்தப் படகு ஓடாது. திரும்பும்போது வேகம் போதாமல் நடுவில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். பூமை ஒரு பக்கம் கையால் வெளியே தள்ளி, சுக்கான் பிடியையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து, முகம் ஒதுங்கும். பிறகு இரண்டையும் உள்ளே இழுத்தால் ஓட ஆரம்பிக்கும்.

“சுக்கான் கனக்கிறது, படகு காற்றுப் பக்கமே திரும்புகிறது” என்று பலர் சொல்வார்கள். நூற்றுக்கு எண்பது தடவை சுக்கான் இலை முழுதாக இறங்காமல் பாதி தூக்கியபடி இருக்கும். இறக்கும் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். மற்றபடி கடற்புல் சுற்றியிருக்கும். பாக் நீரிணையில் அது அதிகம். படகை நிறுத்தி, பலகையையும் இலையையும் ஒருமுறை தூக்கி இறக்கினால் உதிரும்.

கேள்வி (உசிலம்பட்டி): கவிழ்ந்தால் நிமிர்த்துவது எப்படி? கிணற்றில் நீந்திப் பழகியவன், மிதவைச் சட்டை அவசியமா?

பதில்: கட்டாயம் அவசியம். கிணற்றில் கல் பிடித்து மூச்சு வாங்கலாம், கடலில் அது கிடையாது. நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன், தெரியாதவருக்கு 100 நியூட்டன் மிதப்பு. தொடைக்கு இடையில் நாடா இல்லாத சட்டை தண்ணீரில் காதுவரை ஏறிவிடும். வாங்கியதும் அதே கிணற்றில் போட்டுக் குதித்துப் பாருங்கள்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கரை எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும் சரி. முதலில் பாய்க்கயிறு தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கியபடி நிமிர்த்தினால் படகு உடனே ஓடி மறுபக்கம் கவிழும். படகின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி, அடிப்பக்கம் சுற்றி வந்து, நடுப்பலகையைப் படகை ஒட்டிய இடத்தில் பிடித்து உடம்பைச் சாயுங்கள். நுனியில் ஏறி நின்றால் பலகை ஒடியும். மரம் தண்ணீரை விட்டு எழுந்ததும் மெல்ல, பிறகு சட்டென்று நிமிரும். பின்பக்கமாக ஏறிக்கொள்ளுங்கள்.

வடகடலுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. பாய்மரம் ஆறு மீட்டர், ஆழமோ பல இடங்களில் இரண்டு, மூன்று மீட்டர். படகு முழுதாகத் தலைகீழானால் மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அப்போது பலகையில் தொங்கி இழுத்தால் மரம் வளையும். ஃபைபர் படகை அழைத்து, மரம் குத்தியிருக்கும் சாய்விலேயே மெல்ல உருவ வேண்டும். இதைத் தடுக்க ஒரு எளிய வழி: மரத்தில் மாட்டும் பாய் உறையின் உச்சியில் தையல்காரரிடம் ஒரு நாடா வளையம் தைத்துவாங்கி, மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய் கேனை அதில் கட்டுங்கள். நுனி மிதக்கும், படகு தலைகீழாகாது. முதல் நாளே காப்புப் படகு பக்கத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே இரண்டு முறை கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): வத்தையில் பாய் ஓட்டிய பெரியவர் ஒருவர் உடன் வந்தால் போதுமா?

பதில்: காற்று, நீரோட்டம், மேகம் இவற்றுக்கு அவரைவிட நல்ல ஆசான் கிடைக்க மாட்டார். இன்று போகலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் தாமான் என்றால் பாய் விளிம்பை இழுக்கும் கயிறு, ஆஞ்சான் என்றால் பாயை ஏற்றும் கயிறு. லேசரில் பாய் மரத்தில் உறைபோல் மாட்டுவதால் ஆஞ்சானே கிடையாது. ஆனால் வத்தை கனத்த மரப்படகு, மெல்லச் சாயும். இதுவோ உங்கள் உடல் எடையை நம்பி நிற்பது, ஒரு நொடியில் கவிழும். அவரைக் காப்புப் படகில் ஏற்றுங்கள், லேசரில் இரண்டாவது ஆளாக வேண்டாம்.

கேள்வி (பழங்காநத்தம்): ஒன்பது வயது மகளுக்கு இதே படகில் பழக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆப்டிமிஸ்ட் என்ற 35 கிலோ சிறு படகு, 15 வயது வரையான பிள்ளைகளுக்கென்றே உள்ளது.

கேள்வி (வாடிப்பட்டி): கடலிலிருந்து வந்தபின் போர் தண்ணீரில் கழுவினால் போதுமா?

பதில்: உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் போதாது. காய்ந்ததும் கப்பிகளுக்குள் வெள்ளைப் படிவு நின்று சக்கரம் சுற்றாது. கடைசிக் கழுவலுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் போதும். மரத்தின் இரு துண்டுகளையும் அன்றே பிரித்துவிடுங்கள், உப்போடு விட்டால் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியாது. பாயை மடிக்காமல் சுருட்டி நிழலில் வையுங்கள். பின்துளை அடைப்பானைத் திறந்தே வைத்து, அடுத்த முறை மாட்ட மறக்காதபடி சுக்கான் பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள்.